பள்ளி லைப்ரரியிலிருந்து புத்தகத்தைத் தூக்கலாமா? 17 வயது மாணவர் போட்ட வழக்கும் இன்றைய நிலையும்

1975 நவம்பர். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளியில் மாலை நிகழ்ச்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. பள்ளி வாரிய உறுப்பினர்கள் இரண்டு பேர் லைப்ரரிக்குள் போனார்கள். படிக்க இல்லை. பெற்றோர் அமைப்பு ஒன்றின் கூட்டத்தில் கிடைத்த 'ஆட்சேபத்துக்குரிய புத்தகங்கள்' பட்டியலில் எவையெல்லாம் அங்கே இருக்கின்றன என்று தேட!

9 புத்தகங்கள் சிக்கின. ஜூனியர் பள்ளியில் இன்னொன்று, 12-ம் வகுப்பு இலக்கியப் பாடத்தில் ஒன்று. கர்ட் வோனகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்', ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' எல்லாம் அதில் உண்டு. அமெரிக்க விரோதம், கிறிஸ்தவ விரோதம், யூத விரோதம், ஆபாசம் என்று வாரியம் காரணம் சொன்னது. பொய்க் கொலைப்பழி சுமத்தப்பட்ட ஒரு யூதரின் கதையான 'தி ஃபிக்ஸர்' நாவலும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான் வேடிக்கை.

பெற்றோர் 4 பேர், பள்ளி ஊழியர்கள் 4 பேர் கொண்ட கமிட்டி, 5 புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம் என்றது. வாரியம் கேட்கவில்லை, 9 புத்தகங்களை நீக்கியது. ஸ்டீவன் பிகோ என்ற 17 வயது மாணவரும் இன்னும் 4 மாணவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என மாணவர்கள் பக்கம் நின்றது. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் புத்தகத்தை நீக்கக் கூடாது என்று எழுதினார் நீதிபதி வில்லியம் பிரெனன். ஆனால், ஆபாசம் அல்லது கல்விக்குப் பொருத்தமில்லை என்பதற்காக நீக்கினால் அது வேறு விஷயம். அதாவது எந்தப் புத்தகம் என்பதைவிட, ஏன் எடுத்தீங்க என்பதுதான் கேள்வி.

இந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டையும் இருக்கு. ஐந்தாவது நீதிபதியான பைரன் வைட், வழக்கைத் திருப்பி அனுப்ப மட்டுமே சம்மதித்தார். படிக்கும் உரிமை பற்றி எதுவும் சொல்லவில்லை. அதனால் பிரெனனின் வாதத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கவே இல்லை. வாரியம் விசாரணையைத் தவிர்த்து, புத்தகங்களைத் திருப்பி வைத்தது. கூடவே, யாராவது எடுத்தால் பெற்றோருக்குத் தகவல் போகும் என்ற நிபந்தனை!

அந்த ஓட்டைதான் இப்போ பெரிதாகியிருக்கு. 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் 10,046 முறை புத்தகங்கள் தடை செய்யப்பட்டதாக பென் அமெரிக்கா அமைப்பு கணக்கிட்டது. டெக்சாஸின் லானோ கவுன்ட்டி பொது நூலக வழக்கில், புத்தகங்களை நீக்குவதை எதிர்த்துத் 'தகவல் பெறும் உரிமை'யின் பேரில் வழக்குப் போட முடியாது என்று 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை விசாரிக்க உச்ச நீதிமன்றமும் டிசம்பரில் மறுத்தது.

மாற்று வழி? புரூக்ளின் பொது நூலகம் 2022 முதல், 13 முதல் 21 வயது வரை உள்ளவர்கள் அமெரிக்காவில் எங்கிருந்தாலும் போனிலேயே படிக்க இலவச இ-கார்டு தருகிறது. அதற்கான க்யூஆர் கோடை ஓக்லஹோமாவில் ஓர் ஆசிரியை தன் மாணவர்களுக்குக் காட்டினார். 2024 ஆகஸ்டில் அவருடைய ஆசிரியர் சான்றிதழை மாநிலக் கல்வி வாரியம் ரத்து செய்தது.