அந்த 44 கிலோ எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் மாணவர்கள், வழியில் கந்தான் சுண்ணாம்பு மலையையும் அங்குள்ள சிமெண்டு ஆலையையும் பார்த்திருப்பீர்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வேதியியல் பாடத்தில் ஆர்வம் பிறந்ததே அந்த ஆலையால்தான்.

கணக்கு எளிது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். எந்த எரிபொருளைக் கொண்டு சுட்டாலும் இந்த 44 மாறாது. பொதுவாக, சிமெண்டு ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது. மீதியில் பெரும்பகுதி, உலையைச் சுமார் 1450 பாகை வரை சூடாக்கும் எரிபொருளிலிருந்து வருகிறது.

ஆகவே, கூரையில் சூரியத் தகடு பதித்தால் மட்டும் போதாது. சுட்ட கல்லான 'கிளிங்கரை'க் குறைத்து, நிலக்கரி மின்நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் சேர்க்க வேண்டும். எங்கே குறைப்பது என்பது, முதலில் அளந்தால்தான் தெரியும்.

2050-க்குள் நிகர சுழிய உமிழ்வு என்பது மலேசியாவின் இலக்கு. அதற்கு இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் ஆலைதோறும் தேவை. எஸ்பிஎம் வேதியியல் கடினம் என்று ஒதுங்க நினைக்கும் தம்பி தங்கைகளே, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளான நமக்கு அது ஒரு புதிய தொழில்.