ஒரே கனெக்‌ஷன்... ஒரு டஜன் போன்! உங்கள் வீட்டு வைஃபை திணறுவது யாரால்?

இரவு ஏழரை மணி. உள்ளறையில் மகளுக்கு வேலைக்கான வீடியோ இன்டர்வியூ. எதிர்முனையில் இருப்பவர் கேள்வி கேட்கிறார். இவள் பதில் சொல்ல ஆரம்பித்ததும் திரையில் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்கிறார் அவர்.

கூடத்தில் பாட்டி போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாட்டி, கொஞ்ச நேரம் சீரியலை நிறுத்துங்களேன், ப்ளீஸ்!"

"நிறுத்திட்டேன் கண்ணு. என்னாலயா இப்படி ஆச்சு?" என்று பாட்டி போனைக் கவிழ்த்து வைக்கிறார். அப்படியும் மகளின் வீடியோ அசையவில்லை.

உண்மையில் குற்றவாளி பாட்டி இல்லை. அன்று காலை உறவினர் கல்யாணத்துக்குப் போய்வந்த அப்பாவின் போன்தான்! அலமாரி மேல் சார்ஜில் கிடந்த அந்த போன், காலையில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் ஒன்று விடாமல் ஆன்லைன் சேமிப்புக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்பதால், யாருக்கும் அதன் மேல் சந்தேகமும் வரவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை இல்லை. ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷனை போன், டிவி, லேப்டாப், சிசிடிவி கேமரா என்று பலவும் பங்கு போடும் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். நெட் சுற்றினால் உடனே நாம் கம்பெனியைத் திட்டுகிறோம். அல்லது அதிக விலையுள்ள பிளானுக்கு மாறுகிறோம். ஆனால், பல நேரங்களில் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு வாசல், பல அறைகள்

வெளி உலகைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்கு ஒரே ஓர் இன்டர்நெட் முகவரிதான். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் தனியாக ஓர் உள்முகவரி கொடுக்கிறது. வைஃபை செட்டிங்ஸில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் அது.

பாட்டி ஒரு சீரியலைத் தட்டினால், அந்தக் கோரிக்கை ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டர் அதில் வீட்டின் பொது முகவரியைப் போட்டு வெளியே அனுப்புகிறது. 'இதைக் கேட்டது பாட்டியின் போன்' என்று தன் கணக்கில் குறித்தும் வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் கணக்கைப் பார்த்துச் சரியான கருவிக்குத் தள்ளிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன், வாசலில் வரும் பார்சல்களை அந்தந்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது போலத்தான்.

இந்த ஏற்பாடு பிறந்ததற்குக் காரணம் முகவரிப் பற்றாக்குறை. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆளுக்கொரு கருவி என்றாலே உலகத்துக்குப் போதாது. அதனால், வீடுகளும் அலுவலகங்களும் உள்ளே மட்டும் பயன்படுத்திக்கொள்ள சில எண்களை 1990-களிலேயே ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே 192.168 எண் இருந்தாலும் மோதல் வராது.

பிரவுசிங் சென்டர் கற்றுத்தந்த பாடம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குச் சில வருடங்கள் கழித்து, தெருவுக்கு ஒன்றாக பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம் அப்பா, அம்மாக்களுக்கு நினைவிருக்கும். பிளைவுட் தடுப்புக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். டயல்-அப் மோடத்தின் உச்சபட்ச வேகமே 56 கேபிபிஎஸ். ஆறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால், ஆளுக்குப் பத்துகூட தேறாது.

1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே ஒரு கம்ப்யூட்டரின் இணைப்பை மற்றவற்றோடு பகிரும் வசதி இருந்தது. மோடம் மாட்டிய கம்ப்யூட்டர்தான் வாசல். அதை யாராவது ஆஃப் செய்துவிட்டால், மொத்த சென்டரிலும் நெட் போய்விடும். அந்த வாசல் கம்ப்யூட்டரின் வேலையைத்தான் இன்று நம் வீட்டு ரவுட்டர் செய்கிறது. அன்று, 'பாட்டு டவுன்லோடு யார் போட்டது?' என்று சென்டர்காரர் எழுந்து வந்து பார்ப்பார். இன்று வீட்டில் அப்படி எழுந்து பார்ப்பவர் யாரும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

பிளானை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

முதலில் கணக்கு. 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால், ஒரு நொடிக்கு 100 எம்பி டவுன்லோடு ஆகும் என்று அர்த்தமில்லை. பிளானில் சொல்வது பிட். ஃபைல் அளவு பைட். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி வரும். அதுவும் எல்லோருக்கும் சேர்த்து. ஹெச்டி வீடியோவுக்கு சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். ஆக, பாட்டியின் சீரியலால் ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு திணறிவிடாது.

திணற வைப்பது பெரும்பாலும் மொத்தமாக ஏறும், இறங்கும் வேலைகள்தான். போட்டோ பேக்கப், கேம் அப்டேட், லேப்டாப் அப்டேட் மாதிரியானவை. சில இணைப்புகளில் மேலே ஏற்றும் பாதை, கீழே இறக்கும் பாதையைவிடக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் இறக்குவதும் தடுமாறும். ஏனென்றால், 'வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு' என்ற தகவலும் அதே பாதையில்தான் மேலே போக வேண்டும். அப்பாவின் கல்யாண வீடியோக்களுக்குப் பின்னால் மகளின் குரல் வரிசையில் நின்றது இப்படித்தான்.

என்ன செய்யலாம்?

* முக்கியமான மீட்டிங், ஆன்லைன் தேர்வு நேரத்தில் எல்லா போன்களிலும் பேக்கப்பையும் அப்டேட்டையும் நிறுத்திவையுங்கள். இரவு தூங்கப்போன பிறகு ஓடும்படி மாற்றினால் இன்னும் நல்லது.

* ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்க முடிந்த டிவி, டெஸ்க்டாப்பை கேபிளில் இணையுங்கள். வைஃபையில் கூட்டம் குறையும்.

* உங்கள் ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கலாம். 2.4 சுவர் தாண்டி தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசலும் அதிகம். 5 வேகமானது, ஆனால் சுவர்களில் சீக்கிரம் வலு இழக்கும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளி இருக்கும் அறைகளில் 2.4 என்று பிரித்துக்கொள்ளலாம்.

* ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலோ, டிவி ஸ்டாண்டுக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும்.

* சில ரவுட்டர்களில் ஒரு கருவிக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி உண்டு. இன்டர்வியூ லேப்டாப்பை அதில் சேர்த்துவிட்டால், கல்யாண போட்டோக்கள் வழிவிடும்.

மாடி வீட்டுக்கு பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

"ஆன்ட்டி, என் நெட் தீர்ந்துபோச்சு. இன்னிக்கு மட்டும் உங்க வைஃபை பாஸ்வேர்டு தர்றீங்களா?" என்று மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவன் கேட்டால், இல்லையென்று சொல்ல மனம் வராது. படிக்கிற பையன் ஆயிற்றே! ஆனால், அந்த 'இன்னிக்கு மட்டும்' அவன் வீடு காலி செய்து போன பிறகும் தொடர்வதுதான் பிரச்னை. அவனுடைய நண்பர்களின் போன்களிலும் அந்த பாஸ்வேர்டு பதிந்திருக்கும்.

வேகம் குறைவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெளி உலகுக்குத் தெரிவது உங்கள் வீட்டு இணைப்புதான். அதன் வழியாக யார் என்ன செய்தாலும், விசாரணை முதலில் வந்து நிற்பது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மெயிலைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவர் வீட்டு வைஃபையில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அந்த இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். பிரவுசிங் சென்டர்களில் அடையாள அட்டை கேட்டு, பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்று 2011-ல் விதி வந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அதற்காக யாருக்குமே உதவக் கூடாது என்று இல்லை. பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கிறது. விருந்தாளிகளுக்கு அதைக் கொடுத்தால், வீட்டு கேமராவும் லேப்டாப்பும் தனியாகப் பாதுகாப்பாக இருக்கும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். ஆனால், விசாரணை என்று வந்தால் அதுவும் உங்கள் இணைப்புதான் என்பதால், தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். குடித்தனக்காரர் மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் அட்மின் பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். போன் நம்பர், பிள்ளையின் பிறந்த நாள் எல்லாம் பாஸ்வேர்டு ஆகாது.

மாதம் ஒருமுறை ரவுட்டர் செட்டிங்ஸில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். வீட்டில் இருப்பவற்றை எண்ணி ஒப்பிட்டால் போதும். அடையாளம் தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேபிள் டிவி பில், பால் கணக்கு பார்ப்பது போல இதுவும் ஒரு வீட்டுக்கணக்குதான்.

உள்ளறை இன்டர்வியூ என்ன ஆனது? தம்பி அப்பாவின் போனைப் பார்த்து பேக்கப்பை நிறுத்தினான். மகளின் முகம் திரையில் மீண்டும் அசைந்தது. அரை மணி நேரம் தடங்கலில்லாமல் பேசி முடித்து வெளியே வந்தவள், கவிழ்ந்து கிடந்த போனை நிமிர்த்திப் பாட்டியின் கையில் கொடுத்தாள்.

"சாரி பாட்டி... நீங்க பாருங்க."