பிரயாணியும் தெருவோர உணவும்

அயல்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரும் பிரயாணிகள் பலர், வந்து இறங்கிய அன்று மாலையே நகரின் தெருவோர உணவைச் சுவைத்துப் பார்க்க விரும்புகின்றனர். விசுவேசுவரபுரத்தில் சஜ்ஜன்ராவ் வட்டத்தை அடுத்துள்ள 'திண்டி பீதி' இதற்குப் பெயர் பெற்றது. தோசை, இட்லி, அக்கி ரொட்டி, ஹோளிகே எனப்படும் போளி, பாணிபூரி முதலியன மாலை வேளையில் அங்கே விற்கப்படுகின்றன. இவற்றை முதல் இரவிலேயே உண்பது தகுமா? கூடவே கூடாது என்பாரும் உளர். ஒன்றும் நேராது என்பாரும் உளர். விஞ்ஞானம் தரும் விடை இவ்விரண்டினின்றும் வேறானது.

நோயின் காரணம்

புதிய நாட்டிற்குச் செல்வோரை வருத்தும் வயிற்றுப்போக்கைப் 'பிரயாணிகளின் பேதி' என்று மருத்துவர் வழங்குவர். சேரும் நாட்டையும் பருவத்தையும் பொறுத்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இதனை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது எஸ்செரிச்சியா கோலி என்னும் பாக்டீரியத்தின் ஒரு வகையாகும். நம் குடலில் இயல்பாக வாழும் எஸ்செரிச்சியா கோலி தீங்கற்றது. இவ்வகையோ குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது. அதனால் தூண்டப்பட்ட உயிரணுக்கள் உப்பையும் நீரையும் குடலுக்குள் வெளியேற்றுகின்றன. இக்கிருமியின் சில இனங்கள் இவ்வாறு நீரைப் பெருகச் செய்வதை, கல்கத்தாவில் சம்புநாத் டேயும் அவருடைய உடனுழைப்பாளரும் முயலின் குடலில் சோதித்து 1956ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

உள்ளூர் மக்கள் இளமை முதலே இக்கிருமிகளுக்கு ஆட்பட்டு, ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பர். புதிதாக வந்தவருக்கு அது இல்லை. ஆகவே ஒரே கடையில் உண்ட இருவருள் ஒருவர் நலமாயிருக்க, மற்றவர் நோயுறக்கூடும்.

உஷ்ணமும் காலமும்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இக்குறைவினால் கேடில்லை, பேதிக் கிருமிகள் 70 டிகிரி உஷ்ணத்திலேயே விரைவில் மடிகின்றன. கல்லினின்று எடுத்த தோசையும் ஆவி பறக்கும் இட்லியும் இதனால் நம்பத் தக்கவை. ஆனால் தோசையுடன் வரும் தேங்காய்ச் சட்டினி அடுப்பைக் கண்டதன்று. பாணிபூரியின் புளிநீர், நறுக்கிய வெங்காயம், கொத்துமல்லி, தட்டைக் கழுவிய நீர் ஆகியனவும் அத்தகையனவே. பனிக்கட்டியில் உறைவதால் கிருமிகள் யாவும் மடிந்துவிடுவதில்லை.

சூடாக இருப்பது மட்டும் போதாது; புதிதாகச் சமைத்ததாகவும் இருத்தல் வேண்டும். 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் நெடுநேரம் கிடக்கும் உணவில் கிருமிகள் பெருகும். வெந்த சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ், சமைப்பவர் கையினின்று சேரும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆகியவற்றின் வாந்தி நச்சுகள் மீண்டும் சூடேற்றினாலும் அழியா. காலையில் கிளறி இரவில் விற்கும் சித்ரான்னம் இதற்குச் சான்று. இவ்விதி பெரிய விடுதியின் விருந்து மேசைக்கும் பொருந்தும்.

எவ்வுணவின் மேல் பழி?

இந்நச்சுகள் உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தியை உண்டாக்கும். எஸ்செரிச்சியா கோலியோ பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களுக்குப் பின்னரே பேதியை உண்டாக்கும். ஆதலால் முதல் இரவிலேயே தொடங்கும் பேதிக்குப் புறப்படுமுன் உண்டதோ, வழியில் உண்டதோ காரணமாகலாம். மூன்றாம் நாள் நோயுற்றவர் இறுதியாக உண்ட கடையைக் குறை கூறுவதும் பிழையாகலாம்.

நீரிழப்பைத் தடுத்தல்

பேதியில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. குழந்தைகளிடமும் முதியோரிடமும் இது விரைந்து முற்றும். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை ஏற்கும். உப்புடன் நீரும் செல்லும். 1971ஆம் ஆண்டில் வங்காள எல்லையில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநபீஸ் இம்முறையைக் கையாண்டார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே குறைந்தது.

உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகலாம். உப்பு மிகுதல் கூடாது. மலத்தில் இரத்தம், கடுஞ்சுரம், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றின் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும்.

ஆகவே, முதல் இரவில் தெருவோர உணவு முற்றிலும் விலக்கத் தக்கதன்று. கண் முன்னே வெந்ததை உண்க, சட்டினியையும் புளிநீரையும் தவிர்க்க, சோப்பிட்டுக் கைகழுவுக, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் இரண்டினைப் பெட்டியில் வைத்துக்கொள்க.