அட்மிட் ஆவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கிளினிக், நர்சிங் ஹோம், பல் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை லேப் எதுவானாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இதற்கான சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. விதிகள் வகுக்கப்படாததால் இருபது ஆண்டுகள் ஏட்டளவில் கிடந்தது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்டு, விதிகளும் வந்தன. அரசு மருத்துவமனைகளும் அதன் வரம்புக்குள் வந்தன.

பதிவுச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறதே என்று நகர்ந்துவிடாமல் முகவரி அந்தக் கட்டடத்துடையதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று படித்துப் பாருங்கள். ஸ்கேன் சென்டருக்கு 1994-ம் ஆண்டின் கருப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். டாக்டரின் பதிவு எண் மருந்துச்சீட்டிலேயே இருக்க வேண்டும்.

குறை நேர்ந்தால் எங்கே போவது? பலர் தவறுவது இங்கேதான். பதிவில்லாத இடம், போதிய வசதியில்லாத இடம் என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுங்கள். ஆய்வு செய்து நடவடிக்கை எடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலையல்ல. டாக்டரின் நடத்தையில் தவறென்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். போலி டாக்டர் என்றால் காவல்துறையிலும் புகார் தரலாம்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை மீது அங்கே வழக்குப் போட முடியாது.

எங்கே போனாலும் காகிதம்தான் பேசும். கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள்; 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பில், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று இழுத்தடித்தாலும் அந்தக் கெடு நமக்காகக் காத்திருக்காது.