ஊசியில் ஒளிந்த யமன்

காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பர்மாவோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. கொண்டுவிற்க இரங்கூன் சென்றோர் ஈட்டிய பொருளால் எழுந்த மாளிகைகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. 1962-இல் அந்நாட்டில் ராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வெளியேறிய தமிழரிற் சிலர், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயில் குடியேறிக் கோயிலும் கடையும் கண்டனர். அந்த எல்லையைக் கடந்தே பர்மாவின் ஹெராயினும் மணிப்பூருக்குள் புகுந்தது. ஆதலின் அந்நாட்டார்க்கு நேர்ந்த இன்னலை நாம் அயலார் துன்பமென ஒதுக்குதல் தகாது.

நேர்ந்தது யாது? 1989 செப்டம்பர் வரை, அங்கே ஊசியால் போதை ஏற்றிக்கொள்வோரைச் சோதித்ததில் எச்.ஐ.வி. கிருமி காணப்படவில்லை. அடுத்த ஆறு மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டோரிற் பாதிப்பேரிடம் அது காணப்பட்டது. ஒருவன் குத்திக்கொண்ட ஊசியிலும் குழலிலும் அவன் இரத்தம் சிறிது எஞ்சிநிற்கிறது. மற்றொருவன் அதையே எடுத்துக் குத்திக்கொண்டால், கிருமி நேரே அவன் இரத்தத்திற் கலக்கிறது. ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் இவ்வழியே பரவுகிறது. பிறகு, ஒரு குற்றமும் அறியாத மனைவியரையும் கருவிலுள்ள சிசுவையும் எச்.ஐ.வி. பற்றுகிறது.

ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்தது ஏன்? கையில் ஊசி அகப்பட்டால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகுமென அஞ்சினர். அச்சம் போதையை ஒழிக்கவில்லை. அதை இருட்டுக்குள் தள்ளிற்று. இதை உணர்ந்த மணிப்பூர் சர்க்கார், 1996-இல் வகுத்த எய்ட்ஸ் கொள்கையில், தீங்கு குறைக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பதும், ஹெராயினுக்குப் பதிலாக நாவின்கீழ் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையை வைத்தியர் மேற்பார்வையில் அளிப்பதும் இம்முறையின் இரு கைகள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், இத்தகைய தடுப்புப் பணி குற்றமாகாதென்று தெளிவாகக் கூறுகிறது.

"கள் குடிப்பவனுக்குக் கலயம் கொடுப்பதா?" என்று சிலர் கேட்கின்றனர். மதுவிலக்குக்குப் பாடுபட்ட நம்மவர்க்கு இக்கேள்வி எழுதல் இயல்பே. ஆயினும், ஊசியை மறுப்பதால் எவனும் போதையை விட்டுவிடுவதில்லை. அழுக்கு ஊசியைத் தேடுகிறான். தூய ஊசி கொடுக்கும் தொண்டனோ, அவனோடு நாள்தோறும் பேசுகிறான். மாத்திரைக்கும் சிகிச்சைக்கும் அவனை அழைத்துச் செல்கிறான். செத்தவனைத் திருத்த யாராலும் இயலாது.

தமிழ்நாட்டிலும் வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞரைப் பற்றிய செய்திகள் வந்துள்ளன. தீ கூரையைப் பற்றியபின் கிணறு தோண்டலாகாது. விஷத்தை விற்பவனைச் சட்டம் தண்டிக்கட்டும். அதற்கு அடிமையானவனை நோயாளியாக நடத்துவோம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இரகசியமாகவும் இலவசமாகவும் சோதனை செய்கின்றனர். 2004 முதல் மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒழுங்காக உண்பவன் நெடுங்காலம் வாழ்கிறான். 1097 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

பொதுத் தொண்டர்காள்! மேடைகளில் இவ்விஷயத்தைக் கூசாது பேசுங்கள். மகன் கையில் ஊசித் தழும்பைக் கண்ட தாய் உங்கள் வாசலுக்கு வந்தால், அவளைப் பழிக்காது ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுங்கள். மணிப்பூர் ஆறு மாதத்தில் இழந்ததை நம் நாடு இழக்காதிருத்தல் உங்கள் கையில் உள்ளது.