நாற்றுக்குக் கரி: விற்குமுன் தெரிந்து கொள்வோம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தக்காளி, மா, ரோஜா நிலவரம்தான் கடை நிலவரம். விளைச்சல் கைகொடுத்தால் கடன் நோட்டு சுருங்கும், பொய்த்தால் நீளும். விளைச்சலுக்கு முதல் படி நல்ல நாற்று. ஆனால் இங்குள்ள சரளை கலந்த செம்மண் தண்ணீரையும் நிறுத்தாது, எருவின் சத்தையும் நிறுத்தாது.

இதற்கு வழியாகச் சொல்லப்படுவது பயோசார் எனப்படும் உயிரிக்கரி. விவசாயக் கழிவைக் காற்று அதிகம் புகாமல் சுட்டெடுக்கும் கரி இது. அமேசான் பகுதிப் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கரியும் கழிவும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், மக்காச்சோளத் தட்டை, பருத்தி மார், துவரை மார் போன்றவற்றைக் கரியாக்க, தூக்கிச் செல்லக்கூடிய இரும்புப் பீப்பாய் உலையை உருவாக்கியுள்ளது.

நம் பகுதியில் துவரை மாருக்கும், நிலக்கடலைத் தோலுக்கும், கொட்டாங்குச்சிக்கும் பஞ்சமில்லை. நன்றாகக் காய்ந்ததைச் சுட்டால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரி தேறும். சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கரியிலுள்ள நுண்துளைகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும்.

இனி, வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. கரி உரமல்ல, சத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம். வெறும் பாத்திரத்தை மண்ணில் வைத்தால், மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளடிக்கும். விவசாயி உலை போட்டவரைத் தேடிப் போக மாட்டார். நம் கடைப் படியைத்தான் ஏறுவார். ஆகவே பொடித்த கரியை மட்கிய சாண எருவுடன் கலந்து, ஈரம் காயாமல் இரண்டு, மூன்று வாரம் ஊறவைத்த சரக்கையே விற்க வேண்டும். குழித்தட்டுக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்றும், முதலில் சில தட்டுகளில் மட்டும் சோதித்துப் பார்க்கும்படியும் சொல்லி விற்பது நல்லது.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். தொழிற்பேட்டைகளிலிருந்து மலிவாக வரும் பெயிண்ட் அடித்த பலகை, பசை ஒட்டிய பிளைவுட் ஆகியவற்றைச் சுட்ட கரி நாற்றுக்கு ஆகாது. வாங்கும்போதே எதைச் சுட்டது என்று கேளுங்கள். கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது; களர் நிலத்துக்காரர் கேட்டால் மண் பரிசோதனைக்குப் பின் வாங்கச் சொல்லுங்கள். பையூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

மூட்டையின் மேல் மூன்று விவரம் எழுதுங்கள்: எதைச் சுட்டது, எதில் ஊறியது, எவ்வளவு கலப்பது. ஒரு மூட்டையில் கிடைக்கும் லாபம் சிறிதுதான். "அந்தக் கடையில் வாங்கிய சரக்கால் நாற்று தேறியது" என்று சந்தையில் நாலு பேர் பேசினால், அதுவே அடுத்த பட்டத்துக்கும் முதல்.