சீக்கியர் கேட்ட தனிக்கூடு

குடிசன மதிப்பீட்டுக்கு வருகிறவர் இனம் என்ன, சமயம் என்ன எண்டு இரண்டு கேள்வி கேட்பார். 'இலங்கைச் சோனகர்', 'இஸ்லாம்' எண்டு சொல்லிப்போட்டு நாம் நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த முதல் விடைக்குப் பின்னால் 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றிய உரையும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் இருப்பது அந்நேரம் யாருக்கும் ஞாபகம் வராது. பிரித்தானியாவில் ஒரு சீக்கிய அமைப்பு இப்படியொரு கூட்டுக்காக நீதிமன்றம் வரை போனதை வாசித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சமயக் கேள்வியில் 'சீக்கியர்' என்ற கூடு 2001 முதலே இருக்கிறது. பிறகு ஏன் இனக் கேள்வியிலும் கேட்கிறார்கள்?

கதை தலைப்பாகையில் தொடங்குகிறது. 1967இல் வுல்வர்ஹாம்டன் நகரில் பஸ் சாரதி ஒருவர் தாடியோடும் தலைப்பாகையோடும் வேலைக்கு வந்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் ஊர்வலமும் பேச்சுவார்த்தையுமாக இழுபட்டது. தடையை நீக்காவிட்டால் தீக்குளிப்பேன் என்று சோகன் சிங் ஜொலி என்பவர் நாள் குறித்த பிறகுதான், 1969 ஏப்ரலில் நகரசபை இறங்கிவந்தது. 1976இல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சீக்கியருக்குத் தலைக்கவச விலக்குச் சட்டமும் வந்தது.

ஆனால் பெரிய திருப்பம் மண்ட்லா வழக்குத்தான். பர்மிங்காமில் ஒரு தனியார் பாடசாலை, தலைப்பாகை கட்டிய மாணவனைச் சேர்க்க மறுத்தது. 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் நிறம், இனம், தேசியம், இனத்துவ மூலம் ஆகியவற்றின் பேரில் காட்டும் பாரபட்சத்தைத்தான் தடுத்தது. 'சமயம்' என்ற சொல்லே அதில் இல்லை. ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது: சீக்கியர் சமயத்தவரா, இனத்தவரா? டென்னிங் பிரபு இருந்த மேன்முறையீட்டு நீதிமன்றம் சமயத்தவர்தான் என்றது. 1983 மார்ச்சில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. நீண்ட பொது வரலாறும் தனக்கென்று ஒரு பண்பாட்டு மரபும் இருந்தால் அது இனத்துவக் குழுதான் என்றார் பிரேசர் பிரபு. சீக்கியருக்கு இரண்டும் இருந்தன.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விசயம் இருக்கிறது. அதே அளவுகோலை வைத்துப் பார்த்த தொழில் நியாயசபைகள், பல நாடுகளிலிருந்து வந்த, பல மொழி பேசும் பிரித்தானிய முஸ்லிம்களை இனத்துவக் குழு அல்ல என்றன. யூதருக்கும் சீக்கியருக்கும் கிடைத்த காப்பு முஸ்லிம்களுக்குக் கிடைக்கவில்லை. வேலைத்தலத்தில் சமயப் பாரபட்சத்தைத் தடுக்கும் விதிகள் 2003இல்தான் வந்தன. இருபது வருட இடைவெளி! சீக்கியர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறந்திருந்த ஒரே கதவால்தான் அவர்கள் உள்ளே போனார்கள்.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் சீக்கிய சம்மேளனம் 2021 குடிசன மதிப்பீட்டில் தனிக்கூடு கேட்டது. அரச நிறுவனங்கள் வீடு, சுகாதாரம், கல்வி பற்றிய தரவுகளைப் பெரும்பாலும் இன அடிப்படையில்தான் சேர்க்கின்றன; சமயக் கேள்வியோ விரும்பினால் மட்டும் விடை சொல்வது; ஆகவே நாங்கள் கணக்கில் விழுவதில்லை என்பது அவர்கள் வாதம். தேசியப் புள்ளிவிபர அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 இறுதியில் மேல் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது.

அலுவலகம் மட்டும் எதிர்க்கவில்லை. பிரபுக்கள் சபையில் இருந்த இந்தர்ஜித் சிங் போன்ற சீக்கியப் பெரியவர்களே, மனிதர் எல்லோரும் ஒன்று எனப் போதித்த குரு நானக்கின் வழியினர் தம்மை ஓர் இனம் எனச் சொல்லலாமா என்று கேட்டார்கள்.

படிவம் வந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 524,140 பேர் சமயம் சீக்கியம் என்றார்கள். இனக் கேள்வியில் கூடு இல்லாமலே 'சீக்கியர்' எனத் தாமாக எழுதியவர்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். மற்ற நான்கு இலட்சத்துச் சொச்சம் பேர் எழுதவில்லை. கூடு இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள் என்கிறது சம்மேளனம்.